ரத்தப் பரிசோதனையும் சாப்பாடும்: ஆய்வக மருத்துவரிடம் கேள்வி பதில்

நோயறி ஆய்வகத்தில் ரத்தவியல் பிரிவைப் பார்த்துக்கொள்பவன் நான். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். "எந்த மாத்திரை, எத்தனை நாள்?" என்று மட்டும் கேட்டவர்கள் மன்னிக்கவும். ஆளைப் பார்க்காமல் அதைச் சொல்வது முறையில்லை.

கேள்வி: வணக்கம் டாக்டர். என் மனைவிக்கு ஹீமோகுளோபின் 9.8. மூன்று மாதமாகத் தினமும் பீட்ரூட் சாறும் மாதுளையும் கொடுக்கிறேன். ஏறவே இல்லை. வேறு என்ன சேர்க்கலாம்?

எதையும் சேர்ப்பதற்கு முன், ரத்தம் ஏன் குறைந்தது என்று பாருங்கள். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 9.8 என்பது சாற்றால் சரிசெய்கிற தூரத்தில் இல்லை. மாதவிடாயில் அதிக ரத்தம் போகிறதா, வயிற்றில் புண் இருக்கிறதா, குடல் சத்துகளை உறிஞ்சுகிறதா என்பதெல்லாம் தெரிய வேண்டும். ஃபெரிட்டின் பரிசோதனையும் செய்யுங்கள். உடம்பின் இரும்பு இருப்பைச் சொல்வது அதுதான்.

பீட்ரூட்டின் சிவப்புக்கும் ரத்தத்தின் சிவப்புக்கும் உறவே கிடையாது. அது பீட்டாலைன் என்ற தாவர நிறமி. 100 கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூடத் தேறாது, மாதுளையில் அதைவிடக் குறைவு. நிறத்தைப் பார்த்து மருந்து முடிவுசெய்யும் பழக்கம் ஏன் நம்மை விட்டுப் போகவில்லை என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

அதே நண்பர்: அப்படியானால் உணவால் பயனே இல்லையா?

இருக்கிறது. ஏறிய ரத்தம் மறுபடி குறையாமல் காப்பதில் உணவுக்குப் பெரிய பங்கு உண்டு. இறைச்சி, மீன், ஈரல் ஆகியவற்றில் உள்ள ஹீம் இரும்பைக் குடல் எளிதாக ஏற்கும். பருப்பு, கீரை, தானியங்களின் இரும்பை அவ்வளவு சுலபமாக ஏற்காது. தானியத்தில் உள்ள ஃபைட்டேட் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஊறவைத்தாலும் முளைகட்டினாலும் அந்தப் பிடி தளரும். சாப்பாட்டோடு வைட்டமின் சி உள்ள பழம் சேர்ந்தால் இன்னும் நல்லது. சாப்பிட்ட கையோடு தேநீரோ காபியோ குடிப்பதை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள்.

கேள்வி: இரும்பு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடச் சொன்னார் எங்கள் மருத்துவர். தினமும் சாப்பிட்டால்தானே சீக்கிரம் ஏறும்?

உங்கள் மருத்துவர் புதிய ஆய்வுகளைப் படிப்பவர் போலிருக்கிறது. கல்லீரல் ஹெப்சிடின் என்றொரு ஹார்மோனைச் சுரக்கிறது. இரும்பு அதிகமாக வந்தால் ஹெப்சிடின் கூடி, குடலிலிருந்து ரத்தத்துக்கு இரும்பு நுழையும் வாசலை மூடிவிடும். ஒரு மாத்திரை போட்டால் அதன் விளைவு சுமார் 24 மணி நேரம் நிற்கிறது. மறுநாள் போடும் மாத்திரையில் பெரும்பங்கு வாசலிலேயே நின்று, வயிற்றுவலியையும் மலச்சிக்கலையும் கொடுத்துவிட்டு வெளியேறும்.

சூரிச்சின் ஈ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், இரும்பு இருப்பு குறைந்த இளம்பெண்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தபோது, விழுங்கிய இரும்பில் அதிகப் பங்கு உடலில் சேர்ந்தது. கடுமையான ரத்தசோகையில் மருத்துவர் தினமும் கொடுக்கலாம், ஊசி வழியாகவும் ஏற்றலாம். ஹீமோகுளோபின் சரியானதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். காலியான இருப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதமாவது பிடிக்கும்.

கேள்வி: அம்மாவுக்கு முடக்குவாதம். ஹீமோகுளோபின் 10.2, ஃபெரிட்டின் 55. "ஃபெரிட்டின் நார்மல், இரும்பு தேவையில்லை" என்கிறார்கள். சரியா?

அவசரப்பட்டுச் சொன்ன பதில் அது. முடக்குவாதம் போல உடலில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் தானாகவே உயரும், உள்ளே இரும்பு இல்லாவிட்டாலும்கூட. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2020இல் இரண்டு எல்லைகளை வைத்தது: ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 15 மைக்ரோகிராம், தொற்றோ அழற்சியோ உள்ளவர்களுக்கு 70. அம்மாவின் 55 இரண்டாவது எல்லைக்குக் கீழே இருக்கிறது. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் செறிவு இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அழற்சியும் ஹெப்சிடினைக் கூட்டும் என்பதால், வாதம் அடங்காதவரை மாத்திரை சரியாக வேலை செய்யாமல் போகலாம்.

கேள்வி: எனக்கு எம்.சி.வி. 64, சிவப்பணு எண்ணிக்கை 59 லட்சம், ஹீமோகுளோபின் 11.4, ஃபெரிட்டின் 90. பல வருடமாக இரும்பு மாத்திரை சாப்பிடுகிறேன், எதுவும் மாறவில்லை.

எம்.சி.வி. என்பது சிவப்பணுவின் சராசரி அளவு. அந்த 64ஐ, 59 லட்சத்தை மில்லியனில் சொன்னால் வரும் 5.9ஆல் வகுத்தால் 11 கூட வரவில்லை. இதற்கு மென்ட்சர் குறியீடு என்று பெயர். 13க்குக் கீழே இருந்தால் தலசீமியா கடத்தியாக, அதாவது அந்தப் பரம்பரை ரத்த நோயின் மரபணுவைச் சுமப்பவராக, இருக்கலாம் என்று சந்தேகிப்போம். ஹீமோகுளோபின் ஏ2 பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கடத்தி என்று உறுதியானால் இரும்புக் குறைபாடு இல்லாதபோது மாத்திரை வீண். உங்களுக்குப் பெரிய தொல்லை எதுவும் வராது. திருமணத்துக்கு முன்னோ, குழந்தைக்குத் திட்டமிடும்போதோ துணையின் ரத்தத்தையும் பார்த்துவிடுங்கள். இருவரும் பீட்டா தலசீமியா கடத்திகளானால் ஒவ்வொரு கருவிலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, குழந்தைக்குக் கடுமையான தலசீமியா வர.

கேள்வி: ரத்தப்பிரிவுக்கு ஏற்ற உணவுமுறை?

ஆதாரம் இல்லை. டொரன்டோ பல்கலைக்கழகத்தினர் 2014இல் சோதித்துப் பார்த்தார்கள். சிலருக்கு நன்மை கிடைத்தது உண்மைதான், ஆனால் அது எந்த ரத்தப்பிரிவு என்பதைப் பொறுத்து மாறவில்லை. காய்கறி கூடுதலாகச் சாப்பிட்டால் யாருக்கும் நல்லதுதானே!

கேள்வி: சர்க்கரைக்கான ஏ1சி 6.6 வந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 92. எதை நம்புவது?

இப்போதைக்கு இரண்டையும் நம்ப வேண்டாம். ஏ1சி, சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையின் அளவு. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும் என்ற கணக்கில்தான் அது இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்கிறது. இரும்புக் குறைபாட்டில் ஏ1சி பொய்யாக உயரலாம். சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய்களிலும், அண்மையில் ரத்தம் இழந்தவர்களுக்கும் பொய்யாகக் குறையும். 6.5 நீரிழிவின் எல்லை, நீங்கள் அதை ஒட்டி நிற்கிறீர்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் பார்த்துவிட்டு, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சோதனையைச் செய்யுங்கள்.

கேள்வி: முழு உடல் பரிசோதனையில் 20 சோதனைகளில் ஒன்று எல்லைக்கு வெளியே. தூக்கமே வரவில்லை டாக்டர்.

தூங்குங்கள். பெரும்பாலான "இயல்பு எல்லைகள்" ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதத்தினரை உள்ளடக்கும்படி வகுத்தவை. ஒன்றையொன்று சாராத 20 சோதனைகள் செய்தால், நோயே இல்லாதவருக்கும் ஏதாவது ஒன்று வெளியே போக 64 சதவீத வாய்ப்பு. எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது, அதற்குப் பொருந்தும் தொந்தரவு உடம்பில் இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்கட்டும்.

ஒரு சொட்டு ரத்தத்தில் புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் சோதனை பற்றிக் கேட்டவர்களுக்கும் இதே கணக்குதான். ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு நோய் என்று வையுங்கள். நோயுள்ளவர்களில் 90 சதவீதத்தினரைப் பிடித்து, இல்லாதவர்களில் ஐந்து சதவீதத்தினரைத் தவறாகக் காட்டும் சோதனை இது. பிடிபடும் நோயாளிகள் 9, வீணாகப் பயப்படுபவர்கள் சுமார் 50 பேர்.

கேள்வி: நான் பிறந்ததிலிருந்து சைவம். கால் மரத்துப்போகிறது, ஆனால் ஹீமோகுளோபின் 13. பி12 குறைவாக இருக்குமா?

இருக்கலாம், உடனே பாருங்கள். ரத்தசோகை இல்லாமலே பி12 குறைவு நரம்பைத் தாக்கும். ஃபோலிக் அமிலம் மட்டும் சாப்பிட்டால் ரத்தம் சரியாகத் தெரியும், நரம்புச் சேதம் தொடரும். நீண்ட காலம் மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களுக்கும் பி12 குறையலாம்.

கொஞ்சம் வரலாறு: அமெரிக்க மருத்துவர்கள் மைனாட்டும் மர்ஃபியும் 1926இல், அன்று உயிர்க்கொல்லியாக இருந்த ஒருவகை ரத்தசோகையை ஈரலைத் தின்னக் கொடுத்தே கட்டுப்படுத்தினார்கள். 1934இல் இன்னோர் ஆய்வாளரான விப்பிளோடு சேர்த்து நோபல் பரிசும் கிடைத்தது. ஈரலில் இருந்த பொருள் பி12 என்று 1948இல்தான் பிரித்தறிந்தார்கள். மைனாட்டே நீரிழிவு நோயாளி, அப்போது புதிதாக வந்திருந்த இன்சுலினால் பிழைத்திருந்தவர்.

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. இரும்புக் குறைபாடு என்று வந்தது. மாத்திரையில் ஹீமோகுளோபின் 10லிருந்து 12.5 ஆகிவிட்டது. இனி என்ன சாப்பிடக் கொடுக்கலாம்?

உணவைப் பிறகு பேசலாம். அந்த வயது ஆணுக்கு இரும்பு குறைந்தால், வேறு காரணம் தெளிவாகத் தெரியாதவரை, குடலில் எங்கோ ரத்தம் கசிகிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். புண்ணாக இருக்கலாம், பெருங்குடல் புற்றுநோயாகவும் இருக்கலாம். மாத்திரையால் எண் ஏறியது என்பது கசிவு நின்றதற்குச் சான்று ஆகாது. எண்டோஸ்கோபி, கொலனோஸ்கோபி இரண்டுக்கும் இந்த வாரமே நாள் வாங்குங்கள்.