கடற்பசு கடலில் மூழ்கி இறக்குமா?

கேள்வி: கடலிலேயே பிறந்து கடலிலேயே வாழும் கடற்பசு, வலையில் சிக்கினால் நீரில் மூழ்கி இறந்துவிடும் என்கிறார்களே, அது எப்படி? வேட்டையாடத் தடை இருந்தும் அதன் எண்ணிக்கை ஏன் பெருகவில்லை?

பதில்: மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசுவுக்குச் செவுள் இல்லை. அது யானைக்குத் தூரத்து உறவான பாலூட்டி. நம்மைப் போலவே நுரையீரலால் மூச்சுவிடுகிறது. மூஞ்சியின் மேற்புறத்தில் இருக்கும் மூக்குத்துளைகளை இறுக மூடிக்கொண்டு நீருக்குள் இறங்கும் அது, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து அவற்றை நீர்மட்டத்துக்கு வெளியே நீட்டி மூச்சு வாங்கியாக வேண்டும். வலை அந்தச் சில நிமிடங்களைத் தாண்டிப் பிடித்து வைத்தால், உடலில் பெரிய காயம் எதுவும் இல்லாமலேயே அது மூச்சுத்திணறி இறந்துவிடும்.

வலையும் கடற்பசுவும் ஓரிடத்தில் சந்திப்பது தற்செயலன்று. வளர்ந்த கடற்பசு நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ வரை கடற்புல் தின்னும். புல்லை வேரோடு பறித்துத் தின்பதால், அது மேய்ந்து சென்ற வழி பசும்பரப்பின் நடுவே வெறும் மணல்தடமாகத் தெரியும். ஆய்வாளர்கள் பல நேரம் விலங்கைப் பார்ப்பதில்லை, இந்தத் தடத்தைத்தான் பார்க்கிறார்கள். கடற்புல் வளர வெயில் வேண்டும் என்பதால் அது ஆழங்குறைந்த கரையோரத்தில் செழிக்கிறது. இறாலும் மீன்குஞ்சுகளும் அங்கேயே அடைவதால் வலைகளும் அங்கேயே விழுகின்றன.

எண்ணிக்கை பெருகாததற்கு முதற்காரணம் இனப்பெருக்கத்தின் வேகம். ஏறத்தாழ 70 ஆண்டுகள் வரை வாழக்கூடிய இவ்விலங்கு, பதின்மூன்று மாதங்களுக்கும் மேலாகக் கருவைச் சுமந்து ஒரேயொரு கன்றை ஈனும். அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் ஆகலாம். எல்லாம் சாதகமாக அமைந்தாலும் நூறு கடற்பசுக்கள் உள்ள கூட்டத்தில் ஆண்டுக்கு ஐந்துக்கு மேல் கூடுவது அரிது. ஆகவே, கன்று ஈனும் பருவத்துப் பசுக்களில் ஆண்டுக்கு இரண்டு மூன்று வலையில் போனாலே கணக்கு தலைகீழாகிவிடும். இதன் உறவினமான ஸ்டெல்லர் கடற்பசு, 1741இல் அறிவியலாளர் கண்ணில் பட்டு, 1768க்குள் வேட்டையால் அடியோடு அழிந்துபோனது.

இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கடற்பசுவை, மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. ஆனால் சட்டம் தண்டிப்பது வேட்டைக்காரனை. யாரும் கொல்ல நினைக்காமல் நேரும் மரணத்தை அது தடுப்பதில்லை. 2022இல் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அது மேய்ச்சல் நிலத்தைக் காக்க உதவும். என்னைக் கேட்டால், சிக்கிய கடற்பசுவை விடுவிக்கும் மீனவர்களுக்கு வனத்துறை வழங்கும் சன்மானமும் அதே அளவு முக்கியமானது. விலங்கு மூச்சடக்கியிருக்கும் அந்தச் சில நிமிடங்களில் அருகில் இருக்கக்கூடியவர் அவர் ஒருவரே. வலையை அறுத்தால் நட்டமும் அவருக்கே.