மாந்தோப்பு வெயிலுக்கு கேப்சூல் போதுமா?

தம்பி, பர்கூர் பக்கம் மாங்கா பறிக்கிற வேலை, சன்ஸ்க்ரீன் வேர்வைல வழிஞ்சுடுது, அதுக்கு பதிலா வெயிலுக்குன்னு விக்கிற கேப்சூல் முழுங்குனா போதுமான்னு கேட்டிருக்கீங்க. போதாதுங்க. அந்த கேப்சூல் டப்பால பாலிபோடியம்னு போட்டிருந்தா அது ஒரு பெரணி செடியோட சாறு, வெயில்ல தோல் சிவக்கறத கொஞ்சம் குறைக்கும் அவ்ளோதான், க்ரீமோட சேத்து வேணா போடலாம், அதுக்கு பதிலா இல்ல. நிகோட்டினமைடுங்கற வைட்டமின் பி3 வகை மாத்திரை 500 மில்லிகிராம் தினம் 2 வேளை குடுத்து ஆஸ்திரேலியால பண்ண ஆய்வு 2015ல வந்துச்சு, ஏற்கனவே தோல் கேன்சர் வந்தவங்களுக்கு புதுசா வர்றது 23 சதவீதம் குறைஞ்சுது, ஆனா நாம கருக்கறதுக்கு அது மருந்து இல்ல. பீடி சிகரெட் பழக்கம் இருந்தா பீட்டா கரோட்டின் (கேரட்ல இருக்கற ஆரஞ்சு சத்து) மாத்திரை பக்கமே போகாதீங்க, நுரையீரல் கேன்சர் ரிஸ்க் கூடும். இந்த மாதிரி மாத்திரைல சேக்கற லைக்கோபீன், அதாவது தக்காளில இருக்கற செவப்பு சத்து, எண்ணெய்ல வதக்குனாதான் உடம்புல நல்லா சேரும், பாலக்கோட்டு தக்காளி விலை இறங்குறப்ப தொக்கு போட்டு வெச்சுக்குங்க, மாத்திரைய விட ருசியாவது மிச்சம். முழுக்கை சட்டை, தலைல துண்டு, உச்சி வெயில்ல நிழல், இதுதான் முக்கியம். அப்பறம் பருவுக்கு டாக்ஸிசைக்ளின்ங்கற ஆன்டிபயாட்டிக் மாத்திரை ஏதும் சாப்பிடறீங்களா? அது போட்டா வெயில்ல தோல் சீக்கிரம் வெந்துடும், டாக்டர்கிட்ட மொதல்ல அத கேளுங்க.