வன்னியில் வைப்பதற்கு என்ன இருக்கிறது?

கேள்வி: இலண்டனில் இருக்கும் என் மகன் பிரித்தானிய நூதனசாலையைச் சுற்றிப் பார்த்துப் படங்கள் அனுப்பியிருந்தார். உலகத்துப் பொருளெல்லாம் அங்கே எவ்வளவு பத்திரமாக இருக்கின்றன! இங்கே சிலர் வன்னிக்கும் ஒரு நூதனசாலை வேண்டும் என்று கூட்டம் வைக்கிறார்கள். இடப்பெயர்வில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த எங்களிடம் வைப்பதற்கு என்ன இருக்கிறது? வீட்டில் எஞ்சியிருக்கும் ஓரிரு ஏடுகளையும் பழைய பித்தளைச் சாமான்களையும் மகனிடம் அனுப்பிவிடுவதே புத்தி என்று நினைக்கிறேன். உங்கள் கருத்து என்ன?
— வாசகர் ஒருவர், ஒட்டுசுட்டான்

பதில்: அனுப்பாதீர்கள். காரணத்தை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில், அந்நிய நாட்டு நூதனசாலைக்குள் போய்விட்டால் பொருள் பத்திரம் என்ற எண்ணமும், எங்களிடம் ஒன்றும் இல்லை என்ற எண்ணமும் உங்கள் கேள்வியில் சேர்ந்தே வருகின்றன. முதலாவதை நான் ஏற்கவில்லை. இரண்டாவது என்னை வருத்துகிறது.

பிரித்தானிய நூதனசாலை 1753இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தினால் உருவானது. அங்குள்ள பொருள்கள் ஏறத்தாழ 80 இலட்சம். உங்கள் மகன் கண்ணாடிப் பேழைகளில் பார்த்தவை அவற்றில் நூற்றில் ஒரு பங்கு. மற்றவை களஞ்சிய அறைகளில் இருக்கின்றன. ஏறத்தாழ 2,000 பொருள்கள் காணாமற் போயும் திருடப்பட்டும் சேதமடைந்தும் இருப்பதாக 2023 ஓகஸ்ட் மாதத்தில் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. அவற்றுட் பல பதிவேட்டில் முழுமையாக ஏறாத சிறு மணிக்கற்களும் நகைகளும் ஆதலால், எவற்றைத் தேடுவது என்பதே பெரும் வேலையாகிவிட்டது. 1818இல் நிறுவப்பட்ட பிரேசில் நாட்டுத் தேசிய நூதனசாலை 2018 செப்ரெம்பர் 2ஆம் திகதி தீப்பற்றியபோது, அங்கிருந்த 2 கோடிப் பொருள்களில் மிகப் பெரும்பகுதி ஒரே இரவில் அழிந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் 97,000 நூல்கள் எரிந்ததை அறிந்த எங்களுக்கு, கட்டடம் எவ்வளவு பெரியதாயினும் அதற்குள் இருப்பது நிச்சயமில்லை என்று யாரும் வந்து விளக்க வேண்டியதில்லை.

அடுத்த முறை போகும்போது, இலங்கையிலிருந்து சென்ற, பௌத்தப் பெண்தெய்வமான தாராதேவியின் சிலைக்கு முன்னால் சற்று நேரம் நிற்கும்படி உங்கள் மகனிடம் சொல்லுங்கள். 143 சென்ரிமீற்றர் உயரமான, பொன்முலாம் பூசிய, 8ஆம் நூற்றாண்டு வெண்கலச் சிலை அது. இத்தீவில் வார்க்கப்பட்டவற்றுள் அதற்கு நிகராகச் சொல்லக்கூடியவை மிகச் சிலவே. அதை 1830இல் அங்கே கொடுத்தவர் றொபேட் பிரவுண்றிக்; 1815இல் கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயர் கைப்பற்றியபோது இங்கே ஆளுநராக இருந்தவர். சிலை எங்கே கண்டெடுக்கப்பட்டது என்று கேட்டால், திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் என்பதே பதிவு. நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட அந்தக் கரையோரத்தில் எந்தக் குளத்தருகே, எந்த விகாரையில், மண்ணுக்குள் கிடந்ததா அல்லது வழிபாட்டில் இருந்ததா, பக்கத்தில் வேறு என்னென்ன கிடந்தன என்பவற்றை எழுதிவைக்க அன்று ஒருவரும் அக்கறைப்படவில்லை. சிலை பழுதின்றி இருக்கிறது. அதன் ஊர் தொலைந்துபோய்விட்டது. அது திரும்பி வர வேண்டும் என்றே நான் விரும்புகிறேன். ஆனால் எந்த ஊர் மக்கள் எழுந்து நின்று இது எங்களுடையது என்று கேட்பார்கள்?

கேட்க முடிந்தவர்கள் எப்படிக் கேட்டார்கள் என்பதையும் பாருங்கள். தமிழ்நாட்டில் விருத்தாசலம் கோயிற் சுவரிலிருந்து களவாடப்பட்ட அர்த்தநாரீசுவரர் கற்சிலையை 2004இல் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 3 இலட்சம் அவுஸ்திரேலிய டொலருக்கு மேற் கொடுத்து வாங்கியிருந்தது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் 1974இல் அந்தக் கோயிலுக்குப் போய், சிலை மாடத்தில் நின்ற நிலையிலேயே எடுத்த படம் ஒன்று இருந்தது. விற்றவர்கள் காட்டிய போலிக் கடதாசிகள் அந்தப் படத்தின் முன்னால் நிற்கவில்லை. அதே நாட்டின் தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 இலட்சம் அமெரிக்க டொலருக்கு வாங்கிய ஸ்ரீபுரந்தான் நடராசரும் இதே வகைப் படச் சான்றினால் அடையாளம் காணப்பட்டார். 2014 செப்ரெம்பரில் இரண்டும் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டன. 1765இல் கண்டியிலிருந்து ஒல்லாந்தர் கொண்டுபோன லெவ்கே பீரங்கி, வேறு ஐந்து பொருள்களோடு 2023இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து கொழும்புக்குத் திரும்பியதும், பொருள் எங்கிருந்து எவ்வாறு போனது என்பதை ஆவணங்களைக் கொண்டு ஆராய்ந்த பின்னரே. ஆகவே கட்டடத்தைவிடப் பதிவேடே முதலில் வேண்டும் என்கிறேன். கூட்டம் வைக்கிறவர்களிடமும் இதையே சொல்வேன். அவர்கள் கட்டடத்துக்கு நிதி தேடும் அவசரத்தில் இருப்பார்கள் என்று அஞ்சுகிறேன்.

இனி, எங்களிடம் என்ன இருக்கிறது என்ற கேள்வி. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய மாதோட்டத்தில், திருக்கேதீச்சரத்தை அடுத்த மாந்தை மேட்டில், 1980களின் தொடக்கத்தில் நடந்த அகழ்வு 1984இல் போரினால் நின்றுபோனது. 2009-2010இல் அங்கே மீண்டும் தோண்டியபோது, மண்ணை நீரிலிட்டு அலசி எடுத்த கரிந்த வித்துகளுக்கிடையே மிளகும் ஒரேயொரு கராம்பும் கிடைத்தன. கராம்பு கி.பி. 900-1100 காலத்துக்குரியது, அக்காலத்தில் அது விளைந்த மொலுக்காத் தீவுகளோ பல ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால், இந்தோனேசியாவின் கிழக்கில் இருக்கின்றன. அடுப்படியில் விழுந்தால் கூட்டித் தள்ளிவிடும் ஒரு பொருள், எந்தக் குழியில், எந்த மண்படையில் இருந்து வந்தது என்று எழுதப்பட்டதனால், வன்னிக் கரையின் துறைமுகம் ஒன்று தூரகிழக்கோடு கொண்டிருந்த வாணிகத்துக்குச் சான்றாகிவிட்டது.

காலியில் 1911இல் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்த பலகைக்கல்லைக் கண்டெடுத்தபோதுதான், சீனக் கடற்தளபதி செங் ஹேயின் பெயரால் 1409இல் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு வெளிச்சத்துக்கு வந்தது. இன்று அது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. எங்கள் குளங்களின் துருசடியில் கிடக்கும் பழங்கற்களில் எழுத்திருக்கிறதா என்று நின்று பார்த்தவர்கள் எங்களுக்குள் எத்தனை பேர்?

இங்கே சட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருள்களையே தொல்பொருளாகக் கொள்கிறது. பிரவுண்றிக் கண்டி உடன்படிக்கையை நிறைவேற்றிய நாள் அது. அத்தகைய பொருள் உங்கள் காணியில் வெளிப்பட்டால், தோண்டி எடுக்காமல், கிடந்தபடியே படமெடுத்துக்கொண்டு, கிராம அலுவலர் ஊடாகத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அறிவித்தால் காணி பறிபோய்விடும் என்ற பயம் எங்கள் பக்கத்தில் பலருக்கு உண்டு. அதற்குக் காரணம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பயந்து கல்லை மறுபடி மூடிவிட்டால், நாளை வேறொருவர் வந்து அந்த மேட்டின் வரலாற்றைத் தம் விருப்பப்படி எழுதும்போது எடுத்துக்காட்ட எங்களிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இராது. திகதியிட்ட படமும், ஊரார் இருவரின் ஒப்பமும், அறிவித்த கடிதத்தின் பிரதியும் இருந்தால் வாதாடுவதற்காவது இடமிருக்கும்.

1815க்குப் பிற்பட்டவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு பொதுவாக இல்லை. வன்னி வீடுகளில் எஞ்சியிருப்பவையோ பெரும்பாலும் அவைதான். நெல் அளந்த கொத்தும் மரக்காலும், கொம்பறையின் மரச்சட்டங்களும், குளத்தில் மீன்பிடித்த கரப்பும், கூத்து முடிகளும், அண்ணாவியார் பாட்டெழுதிய கொப்பியும், காணி உறுதிகளும், நிவாரண அட்டைகளும் ஒரு வரலாற்றின் சான்றுகள் என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததில்லையா? பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க எரித்த ஜாம் போத்தல் விளக்கையும், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட ஏற்பாட்டையும் இன்றைய பிள்ளைகளுக்கு எதை வைத்துக் காட்டப் போகிறோம்? சுவீடனில் ஆர்தர் ஹசேலியுஸ் 1872இல் குடியானவர்களின் உடுப்புகளையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் சேர்க்கத் தொடங்கினார்; 1891இல் ஸ்டொக்ஹோமில் அவர் திறந்த ஸ்கான்சென், உலகின் முதலாவது திறந்தவெளி நூதனசாலையாக மதிக்கப்படுகிறது. அங்கே வைத்திருப்பவற்றுட் பல குடியானவர்களின் வீடுகளும் தொழுவங்களும் கருவிகளுமே.

இதைத் தொடங்கப் பெருநிதி தேவையில்லை. சனசமூக நிலையத்தில் கட்டுப்போட்ட ஒரு பதிவேட்டைத் திறந்து, பொருளுக்கு இலக்கமிட்டு, பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படமெடுத்து, அதன் பெயர், வைத்திருப்பவர், எந்த ஊரில் யார் என்ன வேலைக்குப் பயன்படுத்தினார் என்பவற்றை முதியவர்களிடம் கேட்டு எழுதினால் போதும். பொருள் உரியவர் வீட்டிலேயே இருக்கலாம். பதிவேட்டின் ஒரு பிரதி வேறோர் ஊரில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். நாங்கள் எத்தனை தடவை ஓடியவர்கள் என்பதை நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

உங்கள் ஏடுகளை மகனிடம் அனுப்புவதற்குச் சட்டத் தடையும் இருக்கிறது: 1988ஆம் ஆண்டின் கலாசாரச் சொத்துகள் சட்டப்படி, கலாசாரச் சொத்தாகக் கொள்ளப்படுபவற்றை அனுமதிப்பத்திரமின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்லக் கூடாது. ஏடுகளைப் பிளாஸ்ரிக் பையில் கட்டி வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, இறுக்காமற் கட்டி, கறையான் எட்டாத உயரத்தில் வையுங்கள். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலக நிறுவனத்தோடு தொடர்புகொண்டால், ஏடு உங்கள் கையில் இருக்க அதன் படப் பிரதி உலகெங்கும் கிடைக்க வழி உண்டு. பித்தளைச் சாமான்களைப் புளி போட்டுத் துலக்க வேண்டாம்; விளிம்பிலோ அடியிலோ வெட்டிய பெயரும் ஆண்டும் இருக்கக்கூடும், தேய்த்துத் தேய்த்து அவை மறைந்துவிடும்.

மகனிடம் ஒரு வேலையையும் ஒப்படையுங்கள். பிரித்தானிய நூதனசாலையின் பொருட் பட்டியலை இணையத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம். அதில் இலங்கையிலிருந்து போனவற்றுள் வடக்கோடும் கிழக்கோடும் தொடர்புடையவற்றின் இலக்கம், கண்டெடுத்த இடம், கொடுத்தவர் பெயர், ஆண்டு ஆகியவற்றை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். கூட்டம் வைக்கிறவர்கள் பதிவேட்டைத் திறக்கும்போது, உங்கள் பித்தளைச் சாமான்களின் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் அதையும் ஏற்றிக்கொள்ளலாம்.