காட்டுக்குள் தனியாகக் கூடாரம்: ‘பர்மிஷன்’ விற்கிறவர்களை நம்பலாமா?

கேள்வி: வேலையை விட்டிருக்கிறேன். அடுத்து என்ன செய்வது என்று யோசிக்க, மேகமலைப் பக்கம் காட்டுக்குள் இரண்டு இரவு தனியாகக் கூடாரம் போட்டு, போனை அணைத்துவிட்டு இருக்க ஆசை. இன்ஸ்டாகிராமில் ஒருவர் ‘ஃபாரஸ்ட் பர்மிஷன் உள்பட’ 6,500 ரூபாய் கேட்கிறார். 2,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். அந்த அனுமதி உண்மையானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (கோவை வாசகர்)

பதில்: முதலில், மீதி 4,500 ரூபாயைக் கொடுக்காதீர்கள். காப்புக்காட்டுக்குள் ஒரு ஆள் தனக்குப் பிடித்த இடத்தில் கூடாரம் போட்டுத் தூங்க எந்த ஏஜென்ட்டும் அனுமதி வாங்கித் தர முடியாது. சுற்றுலாவுக்கு வனத்துறை தருகிற அனுமதியெல்லாம் குறிப்பிட்ட பாதைக்கு, குறிப்பிட்ட நேரத்துக்கு. மேகமலைக் காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம். அங்கே விதிகள் இன்னும் இறுக்கம்.

அப்படியானால் அவர் கையில் இருப்பது என்ன? என்னிடம் வருகிற இதுபோன்ற வழக்குகளில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் இருக்கும். ஒன்று, இ-பாஸ். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வாகனங்களுக்காக உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் வந்த ஏற்பாடு அது. வண்டி மலை ஏறலாம் என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. மேகமலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இன்னொன்று, சோதனைச் சாவடியில் கிழித்துக் கொடுக்கிற நுழைவு ரசீது. அதை வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பி, “பாருங்க சார், ஃபாரஸ்ட் சீல் இருக்கு” என்பார்கள். சீலைப் பார்க்காதீர்கள், மற்றதைப் படியுங்கள். வண்டி எண் இருக்கும், தேதி இருக்கும், கட்டணம் இருக்கும். உங்கள் பெயர் இருக்காது. எங்கே தங்கப்போகிறீர்கள் என்பதும் இருக்காது. அது சாலையில் போய்வருவதற்கான சீட்டு.

“மாட்டினா ஃபைன் கட்டிட்டு வந்துடலாம்” என்றும் சொல்வார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பொதுவான மீறலுக்கு மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. 25,000 ரூபாயாக இருந்த அபராத உச்சவரம்பு 2022 திருத்தத்தில் ஒரு லட்சம் ஆகிவிட்டது. வழக்கு உள்ளே நுழைந்த ஆள் மேல்தான் முதலில் பாயும். ஏஜென்ட்டின் இன்ஸ்டாகிராம் கணக்கு அன்றைக்கே காணாமல் போயிருக்கும்.

இதெல்லாம் அதிகாரிகளின் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று, இதே தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலையேறப் போன கூட்டம் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே அதற்குப் பிறகுதான் வந்தன. அதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது ஏஜென்ட் அடுத்த சீட்டை இறக்குவார்: “சார், இது ஃபாரஸ்ட் இல்ல, பட்டா நிலம்.” இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏமாறுகிற இடம் இதுதான். தனியார் பட்டா நிலத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு கூடாரம் போட வனத்துறையின் நுழைவு அனுமதி தேவையில்லை என்பது பொதுவாகச் சரிதான். ஆனால் அது பட்டா நிலம்தானா? சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் கேளுங்கள். மாவட்டம், வட்டம், கிராமத்தோடு அதைத் தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் போட்டால் பட்டா யார் பெயரில் என்று வந்துவிடும், காசு கிடையாது. ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லுகிற கிராமப் பதிவேடான அ-பதிவேட்டையும் பாருங்கள். அதில் புறம்போக்கு, தரிசு, காடு என்று ஏதாவது போட்டிருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பட்டாதாரரின் பெயரும் உங்களிடம் பணம் வாங்குகிறவர் பெயரும் வேறாக இருந்தால், உரிமையாளரிடம் போனில் பேசாமல் கிளம்ப வேண்டாம். “எஸ்டேட் சூப்பர்வைசர் நம்ம ஆள்” என்பது ஆவணம் ஆகாது. சர்வே எண் கேட்டதும் கோபப்படுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கோபம் வந்தாலே உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பட்டா சரியாக இருந்தாலும் யானைக்கு சர்வே எண் தெரியாது. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் ஒரு பெண்ணை யானை தாக்கிக் கொன்றது ரிசார்ட் நடத்திய கூடார முகாமில்தான், கூட ஆட்கள் இருந்தபோதே. தனியாக இருப்பவர் கூப்பிட்டால் யார் வருவார்கள்? அதனால் பட்டா நிலத்திலும் உரிமையாளர் வீடு கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். காட்டை ஒட்டியோ ஓடைக்கரையிலோ கூடாரம் வேண்டாம். தீ மூட்டவே வேண்டாம்.

சரி, நேர்வழி என்ன? வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கியது. இணையத்தில் பதிவு செய்யலாம், உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். பேச விருப்பமில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டால் சற்றுத் தள்ளி நடப்பார். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தீக்காலம் என்று மூடிவிடுவார்கள், அந்த மாதங்களில் திட்டமிடாதீர்கள். இரவுக்கு டாப்ஸ்லிப், தெப்பக்காடு போன்ற இடங்களில் வனத்துறை விடுதிகள் உண்டு. கூடாரம்தான் வேண்டும் என்றால் பரம்பிக்குளத்தில் கேரள வனத்துறையே கூடாரம் போட்டு வைத்திருக்கிறது. பல இடங்களில் ஒருவராகப் போனாலும் இரண்டு பேருக்கான வாடகைதான் வாங்குவார்கள். தனியாகப் பயணம் செய்கிறவன் என்று ஒருவன் இருப்பதே நம் அரசு விடுதிகளுக்கு இன்னும் எட்டவில்லை.

வனத்துறையின் சரக (ரேஞ்ச்) அலுவலகத்துக்கே போன் செய்து கேட்கலாமே என்பீர்கள். கேளுங்கள். எடுத்தால் “டிவிஷன்ல கேளுங்க” என்பார்கள், டிவிஷனில் “ரேஞ்சர்கிட்ட கேளுங்க” என்பார்கள். எங்கே தங்கலாம், எங்கே கூடாது என்று சோதனைச் சாவடியில் தமிழில் நாலு வரிப் பலகை வைத்தால் என் வேலை பாதி குறையும். அதைச் செய்ய எத்தனை கடிதம் போட வேண்டுமோ! ஏஜென்ட் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான்.

முன்பணம் 2,000: போனில் சண்டை போடாதீர்கள். ‘அனுமதி உத்தரவின் நகல் அனுப்புங்கள், இல்லையேல் பணத்தைத் திருப்புங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேட்டு, ஏழு நாள் கெடு கொடுங்கள். அவருடைய விளம்பரத்தையும் யுபிஐ ரசீதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பதிவுகளை அவர் அழிப்பதற்குள். கெடு முடிந்தும் பணம் வரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அந்த ஸ்கிரீன்ஷாட்டுகள் அப்போது தேவைப்படும்.