லேசிக் செய்தால் கருவிழியின் செல்கள் அழிந்துவிடுமா?

கேள்வி: எனக்கு 25 வயது. இரண்டு கண்ணிலும் மைனஸ் 6 பவர். கல்லூரி நாளிலிருந்து கான்டாக்ட் லென்ஸ் போடுகிறேன். தை மாதம் திருமணம். அதற்குள், கண்ணாடி தேவைப்படாமல் செய்யும் லேசர் சிகிச்சையான லேசிக் செய்துகொள்ள நினைக்கிறேன். லேசர் பட்டால் கருவிழியின் செல்கள் இறந்துவிடும், திரும்ப வளராது, நாற்பது வயதில் பார்வை மங்கிவிடும் என்று சித்தி பயமுறுத்துகிறார். எங்கள் கண்ணாடிக் கடைக்காரரோ தெரிந்த மருத்துவமனையில் பேசி, இந்த மாதத்துக்குள் பாதிக் கட்டணத்தில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்யட்டும்? (வாசகி, திருப்பூர்)

பதில்: திரும்ப வளராத செல்கள் கருவிழியில் இருக்கின்றன என்பது உண்மை. லேசிக் கதிர் அவற்றைத் தொடுவதில்லை என்பதும் உண்மை. சித்திக்கு இந்த இரண்டாவது செய்தியை யாரும் சொல்லவில்லை.

கருவிழி என்று நான் சொல்வது கண்ணின் முன்புறத்தை மூடியிருக்கும் தெளிவான படலத்தை. அதன் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அதன் மேற்படலச் செல்கள் ஒரு வாரம் பத்து நாளில் முழுவதுமாகப் புதுப்பிக்கப்படுகின்றன. தூசி உரசிய கீறல் ஓரிரு நாளில் ஆறிவிடுவது அதனால்தான். நடுவில் இருப்பது தடித்த நார்ப்பகுதி. உட்புறத்தில், கண்ணுக்குள் இருக்கும் நீரைத் தொட்டபடி, ஒரே ஒரு வரிசையாக அறுகோணச் செல்கள் தேனடைபோல் நெருங்கி நிற்கின்றன. உங்கள் வயதில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 2,500 முதல் 3,000 வரை இருக்கும். கருவிழிக்குள் ஊறிவரும் நீரை ஓயாமல் இறைத்து வெளியேற்றி, அதைக் கண்ணாடிபோல் தெளிவாக வைத்திருப்பவை இவையே. ஒன்று இறந்தால் பக்கத்துச் செல் அகன்று இடத்தை அடைக்குமே தவிர, புதிதாக ஒன்று பிறக்காது. எண்ணிக்கை 500ஐ ஒட்டிக் குறைந்துவிட்டால் கருவிழி நீர்கோத்து வெளுக்கும்.

இந்த அச்சத்துக்கு வரலாறும் உண்டு. ஜப்பானில் சாட்டோ என்ற கண் மருத்துவர் 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் கிட்டப்பார்வையைச் சரிசெய்யக் கருவிழியின் உட்புறத்திலேயே கத்தியால் கீறினார். அந்தச் செல் வரிசையின் வேலை என்னவென்று அன்று யாருக்கும் தெரியாது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, அவரிடம் சிகிச்சை பெற்ற பலருக்குக் கருவிழி வீங்கிப் பார்வை போயிற்று. சித்தி அஞ்சுவது ஏறக்குறைய இதைத்தான்.

லேசிக் இதற்கு நேர்மாறான பக்கத்திலிருந்து நடக்கிறது. மேலே சுமார் 110 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்தில் ஒரு மடலைத் தூக்கி, அதன் அடியிலுள்ள நார்ப்பகுதியை 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதா லேசர் கதிரால் செதுக்குகிறோம். ஒவ்வொரு துடிப்பும் ஒரு மைக்ரானுக்கும் குறைவாகவே எடுக்கும். பக்கத்துத் திசுவைச் சுடாது. இந்தப் பண்பை 1981இல் ஐபிஎம் ஆய்வகத்தில் சக ஆய்வாளர்களுடன் கண்டறிந்தவர் ரங்கசாமி ஸ்ரீனிவாசன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். மைனஸ் 6 பவருக்குச் சுமார் 84 மைக்ரான் செதுக்க வேண்டியிருக்கும். உங்கள் கருவிழி 540 மைக்ரான் இருந்தால், மடலும் செதுக்கியதும் போக 346 மைக்ரான் மிஞ்சும். அறுகோணச் செல்கள் அதற்கும் அப்பால் இருக்கின்றன. லேசிக் செய்துகொண்டவர் கண்தானம் செய்தால், அமெரிக்கக் கண் வங்கிச் சங்க விதிகளின்படி அந்தக் கருவிழியை முழுமையாகப் பொருத்தக் கூடாது, ஆனால் அதன் உட்படலத்தை மட்டும் எடுத்து இன்னொருவருக்குப் பொருத்தலாம். இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

நார்ப்பகுதியின் செல்கள் சில, மடலின் விளிம்பிலும் அடியிலும் இறக்கத்தான் செய்யும். முன்பகுதியில் அவற்றின் எண்ணிக்கை சில ஆண்டுகள் குறைந்தே இருப்பதும் உண்டு. தெளிவு அதனால் கெடுவதில்லை. நரம்பிழைகள் அறுபடுவதால் கண் உலர்ந்து உறுத்தும். பெரும்பாலோருக்கு ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும், அதுவரை சொட்டு மருந்து தேவை.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் கருவிழி 480 மைக்ரான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்; அதே கணக்கில் 286தான் மிஞ்சும். 300க்குக் கீழே போக நான் உடன்படமாட்டேன், ஏனெனில் மெலிந்த கருவிழி நாளடைவில் முன்தள்ளிக் கூம்பிவிடக்கூடும். அப்போது லேசருக்குப் பதிலாகக் கண்ணுக்குள் ஐசிஎல் என்ற செயற்கை லென்ஸ் வைக்கலாம் என்பார்கள். நல்ல சிகிச்சைதான். ஆனால் சித்தியின் அச்சம் பொருந்துவது இங்கேதான், ஏனெனில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸால் அறுகோணச் செல்கள் குறையக்கூடும். அந்த லென்ஸ் வைக்கக் கண்ணின் முன்னறை, அதாவது கருவிழிக்குப் பின்னால் நீர் நிறைந்திருக்கும் இடம், போதிய ஆழமாக இருக்க வேண்டும். வைப்பதற்கு முன் ஸ்பெகுலர் கருவியில் செல்களை எண்ண வேண்டும். வைத்த பிறகும் ஆண்டுதோறும் எண்ண வேண்டும். "லேசர் வேண்டாம், லென்ஸ் வைத்துவிடலாம்" என்று ஒரே மூச்சில் மாற்றிச் சொல்பவர், செல் எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். சொல்லவில்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து, கடைக்காரர். நோயாளியை அனுப்பித் தரகுத்தொகை பெறுவதும் கொடுப்பதும் 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி மருத்துவர்களுக்குத் தடைசெய்யப்பட்டவை. தடை காகிதத்தில் இருக்கிறது. தரகு கடைத்தெருவில் நடக்கிறது. சலுகைக்குக் கெடு வைப்பதே, நீங்கள் யோசித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். சென்ற மாதம் இப்படிச் சிகிச்சை முடித்த இளைஞர் ஒருவர், பார்வை மங்குகிறது என்று என்னிடம் வந்தார். அவர் நீட்டிய உறையில் ரசீதும் ஒரு வாழ்த்து அட்டையும் இருந்தன. கருவிழியின் கனம் எவ்வளவு இருந்தது, எவ்வளவு செதுக்கினார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. கேட்டு எழுதியும் பதில் வரவில்லை. இந்தத் தாள்களை நோயாளி கேட்காமலேயே கையில் கொடுத்தாக வேண்டும் என்று கறாராக நடைமுறைப்படுத்த இன்னும் ஏன் தயங்குகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. அறுபது வயதில் உங்களுக்குக் கண்புரை வரும்போது, உள்ளே வைக்க வேண்டிய லென்ஸின் பவரைச் சரியாகக் கணக்கிட இந்தப் பழைய அளவுகள் பெரிதும் உதவும். ஆகவே கருவிழியின் கனத்தையும் வளைவையும் காட்டும் பென்டாகேம் வரைபடத்தையும் செதுக்கிய கணக்கையும் கேட்டு வாங்கி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். காப்பீட்டை நம்ப வேண்டாம்; 7.5 பவருக்குக் குறைவான பார்வைக் குறைபாட்டை வழக்கமான காப்பீட்டுத் திட்டங்கள் விலக்கிவைக்கின்றன.

உங்கள் அறுகோணச் செல்களை இதுவரை தொந்தரவு செய்திருப்பது நீங்கள் அணியும் கான்டாக்ட் லென்ஸாகத்தான் இருக்கும். ஆண்டுக்கணக்கில் அணிந்தால் கருவிழிக்குப் பிராணவாயு குறைந்து, செல்கள் சிறிதும் பெரிதுமாக ஒழுங்கு குலையும். கருவிழியின் வளைவும் தற்காலிகமாக மாறியிருக்கும். அதன்மேல் எடுக்கும் அளவு பிழையான அளவு. இன்றே லென்ஸைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக்கு மாறுங்கள். இரண்டு வாரம் கழித்து, கடைக்காரர் துணையின்றி, கருவிழி மருத்துவர் ஒருவரிடம் அளவெடுங்கள். லேசிக் செய்யலாம் என்று அவர் சொன்னால், திருமணத்துக்கு மூன்று மாதமாவது முன்னதாகச் செய்துகொள்ளுங்கள். அவ்வளவு நாள் இல்லையென்றால் திருமணம் முடிந்த பிறகு செய்துகொள்ளலாம்.