“பசிக்கவில்லை” என்று சொல்லிவிட்டேன்

மதிப்புக்குரிய மேடம்,

எனக்கு 22 வயது. கல்லூரியில் கடைசி ஆண்டு. ஆறு மாத இன்டர்ன்ஷிப்புக்காக வெளிநாடு வந்து ஏழு வாரங்கள் ஆகின்றன. எத்தனையோ பேர் விண்ணப்பித்து எனக்குக் கிடைத்த வாய்ப்பு என்பதால் இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. வேலையில் குறை ஒன்றும் இல்லை. சாப்பாட்டில்தான் தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

நான் இறைச்சியும் மீனும் சாப்பிடாதவள். சேர்ந்த இரண்டாம் நாள், எனக்கு வேலை கற்றுத்தரும் மூத்தவர் எங்கள் குழுவை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப்போனார். மேசையில் இருந்தவற்றில் எதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தயக்கம். “பசிக்கவில்லை” என்று சொல்லிவிட்டேன். அவர் ஒருமுறை தலையசைத்துவிட்டுத் தன் தட்டுக்குத் திரும்பினார். ஒரு மணி நேரம் தண்ணீர் டம்ளரைக் கையில் உருட்டியபடி உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை.

மதியம் அவர்கள் எழுந்து போனதும் டப்பாவை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிப் படிக்கட்டுக்குப் போய்விடுகிறேன். ஒருநாள் அலுவலகச் சமையலறையில் நான் சமைத்துக் கொண்டுபோனதைச் சூடாக்கியபோது, பின்னால் நின்றவர் போய் ஜன்னலைத் திறந்தார். ஒன்றும் சொல்லவில்லை. திறந்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் எதையும் சூடாக்குவதில்லை. ஆறிப்போனது பாதிக்கு மேல் இறங்குவதும் இல்லை. 58 கிலோ இருந்தவள் 54க்கு வந்துவிட்டேன்.

இரவில் அம்மா வீடியோவில் அழைத்தால் முதல் கேள்வி “சாப்பிட்டாயா?” என்பதுதான். “சாப்பிட்டேன்” என்கிறேன். இரண்டாம் வாரத்தில் எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கிறது, தட்டு நிறையச் சாப்பாட்டுடன். அதையே ஓரம் வெட்டியும் கோணம் மாற்றியும் மூன்று முறை அனுப்பிவிட்டேன். போனை வைத்ததும் அழுகை வருகிறது.

இங்கே முன்பே வந்தவர்கள், “முதல் மாதம் கொண்டாட்டமாக இருக்கும், பிறகுதான் கஷ்டம், அப்புறம் தானாகச் சரியாகிவிடும்” என்கிறார்கள். எனக்கு அந்தக் கொண்டாட்டமே வரவில்லை. இறங்கிய நாளிலிருந்தே இப்படித்தான். என்னிடம்தான் ஏதாவது கோளாறா? திரும்பி வந்துவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. சாப்பாட்டில் தோற்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். ஆனால் அந்த ஊர்ச் சாப்பாடு புளிக்கிறதா, சப்பென்று இருக்கிறதா, குமட்டுகிறதா என்று ஒரு வார்த்தைகூட இல்லை. டம்ளர் இருக்கிறது, படிக்கட்டு இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது. நாக்கில் இருக்கும் சிக்கலைவிட நாற்காலியில் இருக்கும் சிக்கல்தான் உனக்குப் பெரிது என்று எனக்குப் படுகிறது.

அதற்குப் போகுமுன் எடையைப் பற்றிப் பேசியாக வேண்டும். 58இலிருந்து 54 என்றால் ஏறக்குறைய 7 சதவீதம். முயற்சி செய்யாமலே ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலே மருத்துவர்கள் காரணம் தேடுவார்கள். உனக்கு ஏழே வாரத்தில் குறைந்திருக்கிறது. சாப்பிடாததுதான் காரணம் என்று நாமே முடிவுகட்ட வேண்டாம். இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பார். கிளம்பும்போது எடுத்த காப்பீட்டுத் தாளைத் தேடி எடு, எங்கே போகவேண்டும் என்பது அதில் இருக்கும். அழுகையையும் அவரிடம் மறைக்காதே. நாளின் பெரும்பகுதி மனம் கனத்தே இருப்பது, பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போவது, தூக்கம் கெடுவது, இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதையும் சேர்த்துச் சொல். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப்பார்த்தால் மருத்துவரின் நேரம் கிடைக்கட்டும் என்று காத்திருக்காதே. அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி, அங்குள்ள அவசர உதவி எண்ணை அழை.

இனி, கொண்டாட்டம் ஏன் வரவில்லை என்ற கேள்வி. நண்பர்கள் சொல்லும் கதைக்கு வயது அதிகம். உதவித்தொகையில் அமெரிக்கா போய் வந்த 200 நார்வேக்காரர்களைப் பேட்டி கண்ட லிஸ்கார்ட் என்ற ஆய்வாளர், ஆறு மாதத்துக்குக் குறைவாகத் தங்கியவர்களும் பதினெட்டு மாதத்துக்கு மேல் தங்கியவர்களும் ஓரளவு நன்றாகவே ஒட்டிக்கொண்டார்கள், நடுவில் வருபவர்கள்தான் திணறினார்கள் என்று 1955இல் எழுதினார். 1960இல் மானுடவியலாளர் ஓபெர்க், கலாசார அதிர்ச்சியைப் பற்றிய கட்டுரையில் முதல் கட்டத்துக்குத் தேனிலவு என்றே பெயர் வைத்தார். பெயர் அழகாக இருந்ததால் கதை நிலைத்துவிட்டது. ஆனால் லிஸ்கார்ட் வெவ்வேறு காலம் தங்கிய வெவ்வேறு ஆட்களை ஒப்பிட்டார். ஒரே ஆளை மாதக்கணக்கில் பின்தொடரவில்லை. அப்படிப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 1998இல் வெளியானது. நியூசிலாந்துக்குப் படிக்கப்போன ஜப்பானிய மாணவர்களை, வந்து இறங்கியதிலிருந்து ஒரு வருடம் வரை கவனித்தார்கள். அவர்களுக்குச் சிரமம் உச்சத்தில் இருந்தது வந்து இறங்கிய வேளையில்தான். ஆகவே தேனிலவு வராதது உன் கோளாறில்லை. அதேசமயம், தானாகச் சரியாகிவிடும் என்பதை நான் உனக்குச் சொல்லமாட்டேன். படிக்கட்டில் உட்கார்ந்திருந்தால் தானாக எதுவும் சரியாகாது.

அந்த முதல் மதியத்துக்கு வருகிறேன். நீ வளர்ந்த வீட்டில் “பசிக்கவில்லை” என்றால் விடமாட்டார்கள். இரண்டாம் முறை கேட்பார்கள், மூன்றாம் முறை தட்டில் வைத்தேவிடுவார்கள். வேண்டாம் என்பது அங்கே பேச்சின் தொடக்கம். உன் மூத்தவருக்கு அதுவே பேச்சின் முடிவு. வற்புறுத்துவதை அநாகரிகம் என்று நினைக்கும் மனிதர்கள் உலகத்தில் ஏராளம். அவர் உன்னைக் கைவிட்டதாக நீ நினைக்கிறாய். உன் விருப்பத்தை மதித்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம். அதன் பிறகு கூப்பிடாமல் இருப்பதும் அதே மரியாதையாக இருக்கலாம்.

இதை அவிழ்க்க ஒரே ஒரு வாக்கியம் போதும்: “அன்று எனக்குப் பசித்தது, இறைச்சியும் மீனும் சாப்பிடமாட்டேன் என்று சொல்லக் கூச்சப்பட்டேன். நாளை உங்களோடு வரலாமா?” அவரிடம் தனியாகச் சொல். முடிந்தால் காலையிலேயே சொல். மதியம் நெருங்க நெருங்க உனக்குத் தைரியம் கரைந்துவிடும். உன் டப்பாவோடு போய் உட்கார்ந்தாலும் போதும். அவர்கள் தட்டில் இருப்பதை நீ சாப்பிட்டாக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

ஜன்னலைத் திறந்தவர் மனதில் என்ன இருந்தது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒருவேளை மணம் பிடிக்காமலே திறந்திருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும். மற்றப் புலன்களின் செய்தி மூளையின் மேற்பரப்புக்குப் போகுமுன் தாலமஸ் என்ற பகுதியைக் கடந்து வரும். மணம் மட்டும் அதைச் சுற்றாமல் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய இடங்களை நேராகத் தொட்டுவிடுகிறது. அதனால்தான் உனக்கு வீடாக மணப்பது, அறியாத மூக்குக்குத் திடுக்கிடலாக இருக்கிறது. அவர்கள் உணவு உனக்கும் அப்படித்தானே இருந்திருக்கும்? அந்த ஜன்னலை உன் வீட்டுக்கு எதிரான தீர்ப்பாக எடுத்துக்கொண்டு வாரக்கணக்கில் ஆறிய சோறு தின்பது பெரிய தண்டனை. மூடியைப் போட்டுச் சூடாக்கு. வேண்டுமானால் நீயே முதலில் ஜன்னலைத் திறந்துவிடு.

நாக்குக்கும் கொஞ்சம் சொல்கிறேன். உனக்குக் கொள்கையால் ஆகாதது வேறு, பழக்கமில்லாததால் ஆகாதது வேறு. முதலாவதை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதே. இரண்டாவதில் சிறு சோதனைகள் செய்யலாம். ஒன்றைத் திரும்பத் திரும்பச் சந்திப்பதே அதன்மீது விருப்பத்தை வளர்க்கும் என்று ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1968இல் எழுதினார். உணவிலும் பெரும்பாலும் அப்படித்தான், ஒரு வாயில் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரு வேளைக்கு ஒரு புதுப் பண்டம், இரண்டு கரண்டி, பக்கத்தில் உனக்குத் தெரிந்த சாப்பாடு. கொலைப்பசியில் இருக்கும்போது மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். இரவுச் சாப்பாடு முழுக்க உன் கைச் சமையலாகவே இருக்கட்டும். அதில் குற்ற உணர்வுக்கு இடமே இல்லை.

திரும்பி வருவதா என்ற முடிவை வெறும் வயிற்றோடு எடுக்காதே. மருத்துவரைப் பார்த்தபின், அந்த மேசையில் நான்கைந்து மதியங்கள் உட்கார்ந்தபின் யோசி. அப்போதும் போதும் என்று தோன்றினால் கல்லூரியில் இந்தப் பயிற்சிக்குப் பொறுப்பானவரிடம் பேசி, முறைப்படி முடித்துக்கொண்டு வா. அதை ஓட்டம் என்று நான் நினைக்கமாட்டேன்.

இன்று இரவு அம்மா அழைக்கும்போது, “சரியாகச் சாப்பிடவில்லை அம்மா, டாக்டரைப் பார்க்கப்போகிறேன்” என்று சொல்லிவிடு. பதறுவார், பதறட்டும். முதல் பத்து நிமிடம் அறிவுரை கொட்டும், அதையும் கேட்டுக்கொள். பிறகு போனை அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்க எதையாவது சமை. அந்தப் புகைப்பட விஷயத்தையும் ஒப்புக்கொண்டுவிடு. ஒரே தட்டு இரண்டாம் முறை வந்தபோதே அவர் கண்டுபிடித்திருப்பார், நீயே சொல்லட்டும் என்று காத்திருக்கிறார் என்பது என் சந்தேகம்.