பெத்தாட கட்டில முதல்ல உள்ள எடு

கேள்வி: அன்ரி, நான் கொழும்புல ஒரு கெம்பஸ்ல செக்கன்ட் இயர், ஊர் களுவாஞ்சிக்குடிப் பக்கம். ஜனவரில கெம்பஸ் தொடங்கின கிழமையே டான்ஸ் டீமுக்கு ஆடிசன் இரிக்கு. ரெண்டு நிமிசம் நம்மட ஐட்டம் ஒண்டு ஆடணும், பிறகு அங்கயே புதுசா ஸ்டெப் சொல்லித் தந்து ஆட விடுவாங்க. சங்கீத சபைப் பரீட்சைல தரம் 4 வரைக்கும் பரதம் செஞ்சனான், ஏ.எல் படிக்கக்குள்ள விட்டது. லீவு 3 கிழமைதான். பெத்தாட (பாட்டிட) அறைல ஆளுயரக் கண்ணாடி வச்ச அலுமாரி இரிக்கிறதால அவட கட்டில விறாந்தைக்கு மாத்திப்போட்டு அங்கதான் பழகுறன், அவவும் காத்து நல்லா இரிக்கு எண்டு சொன்னா. பிரச்சினை அம்மாதான். நிமிசத்துக்கு ஒருக்கா குசினிக்குக் கூப்பிடுறா. எனக்கு ஸ்பேஸே தாறாங்க இல்ல. எப்படி ரெடி ஆகுறது?

பதில்: மகள், நீங்க எண்டு எழுதத்தான் பாத்தன், கடிதத்த ரெண்டாந்தரம் வாசிச்ச பிறகு கை வரல்ல. நீ எண்டே எழுதுறன்.

லீவுக்கு ஊருக்கு வந்த பிள்ளைகள்ட கடிதம் எனக்கு வருசா வருசம் மார்கழில வரும், ஒண்டு டான்ஸ், ஒண்டு கிரிக்கட், ஒண்டு பாட்டு, எல்லாத்திலயும் குசினில நிண்டு கூப்பிடுற ஒரு அம்மா இரிப்பா. அத விடு. நடுவுல ஒரு வசனத்த போற போக்குல எழுதிப்போட்டு அங்கால போயிட்டாய் பார், பெத்தாட கட்டில் வசனம், நான் அதுலதான் நிக்கிறன். ஸ்பேஸ் தாறாங்க இல்லையாம். ஒரு கிழவிட அறைய முழுசா எடுத்துப்போட்டு ஸ்பேஸ் இல்ல எண்டு எழுத உனக்கு எப்படி மனம் வந்துச்சு?

இது என்ன மாசம்? வாடைக்காத்தும் மழையும் ஒண்டாச் சேந்து அடிக்கிற மாசம். தூவானம் அடிக்காத விறாந்தை நம்மட பக்கம் எங்க இரிக்கு? நுளம்பு வலையாவது கட்டிக் குடுத்தீங்களா, டெங்கு கூடுற காலமும் இதுதான். இரவைக்கு முன்கதவப் பூட்டினா அவ பாத்ரூமுக்கு எந்தப் பக்கத்தால போறா, ஈரத் தரைல, இருட்டுல, தட்டிக் கூப்பிட்டா நீ எழும்புவாயா, இல்ல காதுல ஹெட்செட்டா? கடிதத்துல ஆடிசனப் பத்தி பத்து வரி இரிக்கு, இதப் பத்தி ஒண்டும் இல்ல.

காத்து நல்லா இரிக்கு எண்டு சொன்னாவாம். வயசு போன சனம் அப்படித்தான் சொல்லும். சோறு காணுமா எண்டா காணும், கால் நோகுதா எண்டா இல்ல. 1978 சூறாவளியயும் 2004 சுனாமியயும் கண்ட மனிசி, பேத்தி ஆடப் பழகணும் எண்டு வந்து நிண்டா ஏலா எண்டா சொல்லுவா? என்ட மாமியும் இதே வசனத்த எனக்கு ஒருக்காச் சொன்னவ, நானும் நம்பினன், அது வேற கதை.

இன்னொண்டும் கேள். நம்மட பக்கம் வீடு பொம்புளப் பிள்ளைக்குத்தான் போறது. நீ நிண்டு ஆடுற அந்த வீடு பெரும்பாலும் பெத்தாட வீடாத்தான் இரிக்கும், அம்மாட கலியாணத்துக்கு சீதனமா எழுதிக் குடுத்துப்போட்டு தனக்கெண்டு ஒரு அறையயும் ஒரு அலுமாரியயும் மிச்சம் வச்சிருப்பா, அம்மாட்டக் கேட்டுப் பார். வீட்டயே குடுத்த மனிசிக்கிட்ட மிச்சமிருந்த அறையயும் கண்ணாடிக்காக வாங்கியிருக்காய்.

இதுல பெரிய பகிடி என்னெண்டா உனக்கு அந்தக் கண்ணாடி தேவையே இல்ல. ஆடிசன்ல புது ஸ்டெப் சொல்லித் தந்து மூணு நாலு பேரா நிப்பாட்டி ஆட விடுவாங்க, முன்னுக்கு இரிக்கிறது கண்ணாடி இல்ல, பேனாவும் பேப்பரும் வச்சிக்கிட்டு பாக்கிற ஆக்கள். மூணு கிழமை கண்ணாடியப் பாத்துப் பாத்தே கை எங்க இரிக்கு, இடுப்பு எங்க இரிக்கு எண்டு சரிபாத்த உடம்பு, கண்ணாடி இல்லாத இடத்துல போய் முழிக்கும். கண்ணும் கீழயும் பக்கத்துப் பிள்ளைட காலுலயும் ஓடும், அத அவங்க உடனே பிடிச்சிருவாங்க. நம்மட கூத்து ஆடுற வட்டக்களரில நாலு பக்கமும் சனம் குந்தியிருக்கும், கூத்தாடுற ஆளுக்கு எந்தக் கண்ணாடி இருந்துச்சு? பகல்ல வயல் வேலை, இரவைக்கு கூத்துப் பழக்குற அண்ணாவியார்ட மத்தளத்துக்குப் பழக்கம், அப்படியே மாசக்கணக்கு. ஆடிசன் எண்ட சொல்லு வர முதலே நம்மட ஊர்ல சட்டங்கொடுக்கிறது இருந்துச்சு, ஆர்ட குரலுக்கும் உடம்புக்கும் எந்தப் பாத்திரம் பொருந்தும் எண்டு பாத்துத்தான் அதுட கொப்பியக் குடுக்கிறது. அந்த ஆட்டத்தத்தான் 1960கள்ல பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனை கெம்பஸ் மேடைக்குக் கொண்டு போனார், ஆடினவங்களும் உன்னப் போல கெம்பஸ் பிள்ளைகள்தான், பிறகு நாடகப் பேராசிரியரான நம்மட மௌனகுரு சேர் உட்பட.

சரி, வேலைக்கு வாறன். ஹோல்ல கதிரையள ஒதுக்கிப்போட்டு சுவரப் பாத்து நிண்டு ஆடு. கிழமைல ரெண்டு நாள் ஃபோனச் சாத்தி வச்சு வீடியோ எடு, ஆடி முடிச்ச பிறகு பார், ஆடக்குள்ள பாக்காத. முன் கெமராவுல சிலவேளை வலம் இடம் மாறித் தெரியும், வீடியோ பாத்து ஸ்டெப் எடுக்கக்குள்ளயும் அதே பிழை வரும், அதால எதையும் ரெண்டு பக்கமும் செஞ்சு பழகு. முதல் கிழமை மூணாங்காலத்துக்கு, அந்த ஆகக் கூடின வேகத்துக்குப் பாயாத. விட்டு எவ்வளவு காலம், டைல்ஸ் தரைல காலத் தட்டித் தட்டி தட்டடவு போட்டுக்கிட்டே இருந்தா முழங்காலுக்குக் கீழ முன் எலும்பு நோகத் தொடங்கும், அது நோகத் தொடங்கினா லேசில விடாது. முழங்கால மடக்கி நிக்கிற அரைமண்டிய ஒழுங்காப் பிடி, அடவுகள முதலாங்காலத்துல, மெதுவா, சுத்தமா எடு. விடிய எழும்பின உடனே குளிர் உடம்போட காலப் பிரிச்சு இழுக்காத, உடம்பு சூடாகட்டும்.

உன்ட ரெண்டு நிமிச ஐட்டத்த முதல் கிழமையே முடிவு பண்ணு, கடைசிக் கிழமைல பாட்ட மாத்தாத, மாத்துறவள் மறப்பாள். ஆனா கூடுதலான நேரத்த அதுக்குக் குடுக்காத. நாளுக்கு ஒரு புதுத் துண்டு, எட்டு எண்ணிக்கைல நாலு, இருவது நிமிசத்துக்குள்ள படிச்சு, வீடியோவ மூடிப்போட்டு ஆடு, அடுத்த நாள் பாக்காம திரும்ப ஆடு. ஆடிசன்ல சோதிக்கிறது அதத்தானே. பிழைச்சா நிப்பாட்டாத, நாக்கக் கடிக்காத, அடுத்த எண்ணிக்கைல போய் ஏறு. போறதும் முதல் நாள் இரவு ட்ரெயின்ல இல்ல, இரவு முழுக்க குந்திக்கொண்டு போய் விடிய ஆட ஏலா.

அம்மா கூப்பிடுறாவா? போ. தேங்காய் திருவ எவ்வளவு நேரம், நீ ஒரு நாளைக்கு ஒண்டரை மணித்தியாலத்துக்கு மேல உருப்படியாப் பழகவும் மாட்டாய், மிச்ச நேரம் ஃபோன்தான், எனக்குத் தெரியும். மூணு மாசமா உன்ட முகத்தக் காணாத மனிசி, தேங்காய்க்கு மட்டும்தான் கூப்பிடுறா எண்டு நினைக்கிறாயா? ஒண்டரை மணித்தியாலத்த முதலே சொல்லி வை, அந்த நேரம் கூப்பிட மாட்டா. கூப்பிட்டாலும் குடி முழுகிப் போகாது.

அலுமாரியத் தொட வேணாம், அது அதுட இடத்துலயே கிடக்கட்டும். இண்டைக்குப் பொழுதுபட முதல் கட்டில உள்ள போடு, மெத்தை ஈரமா எண்டு தடவிப் பார். வீட்டுல ஆரையும் கூப்பிட்டு ரெண்டு பேராத் தூக்குங்க. தனியத் தூக்கி முதுகப் பிடிச்சிராத, ஆடிசனுக்கு அது வேணும்.